பல் சிகிச்சை நிலையத்துப் பாதரசம்

பல்லடைப்புக்குப் பயன்படும் அமல்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அடைத்தபின் மிஞ்சும் துணுக்கும், பழைய அடைப்பைக் குடையும்போது தெறிக்கும் தூளும் துப்பும் தொட்டி வழியே வடிகானில் இறங்கக்கூடியவை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தவர் சிகிச்சைக்கு வரும் பதுளை நகரில் வடிகான் நீர் நாடுவது பதுளை ஓயாவை. துன்ஹிந்தவில் விழுந்து மகாவலியில் கலக்கும் ஆறு அது. ஆற்றுச் சேற்றில் பாதரசத்தைப் பக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீனுக்கும் மீனுண்பவருக்கும் ஏறுகிறது. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றது. 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், மருத்துவர் அவசியமெனக் கருதினாலன்றி, அமல்கம் அடைக்கலாகாது என்ற திருத்தம் 2022இல் சேர்ந்தது. ஆனால் பழைய அடைப்புகள் இன்னும் வாய்களில் இருக்கின்றன. அமல்கம் அடைத்த பல்லைப் பிடுங்கியதும் இரத்தம் தோய்ந்த பஞ்சோடு மஞ்சள் பையில் போடுவது பெருந்தவறு. அந்தப் பை போய்ச்சேரும் எரியூட்டியில் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். அத்தகைய பல்லுக்கு இறுக மூடிய தனிப் போத்தல் வேண்டும். அமல்கத் துகளைத் தடுக்கும் பொறியைச் சிகிச்சை நாற்காலியின் வடிகுழாயில் பொருத்துவதை, அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் நிபந்தனையாகவே ஊவா சுகாதாரத் துறை ஆக்க வேண்டும்.