தாமதம் மாணவரின் குற்றமன்று

செய்முறைத் தேர்வு நடக்கிறது. பதிவேட்டில் எல்லாச் சோதனைகளையும் பிழையில்லாமல் எழுதியிருக்கும் மாணவியிடம் புறத்தேர்வாளர் வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்கிறார். மாணவியின் பார்வை மேசை விளிம்பை விட்டு நகரவில்லை. விடை தெரியும், சொல்லாகி வெளிவர அரை நிமிடம் வேண்டும். அதற்குள் “முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதா?” என்ற கண்டிப்பு விழுகிறது, அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. நம் கல்லூரிகளில் இது அரிய காட்சியன்று.

இத்தகைய மாணவர்களில் சிலர், அரியர் சேர்ந்து, விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தின் இரைச்சல் தாங்காமல் பட்டினி கிடந்து, நிலைகுலைந்த பிறகே மனநல மருத்துவரிடம் போகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதில் அங்கேதான் ஆட்டிசம் என்ற சொல்லைத் தங்களைப் பற்றியதாக முதன்முறை கேட்கிறார்கள். அழுத்தக்காரி, தலைக்கனம் பிடித்தவன் என்று வீடும் பள்ளியும் சூட்டிய பெயர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் விளக்கம் கிடைக்கிறது. பிறர் சிரிப்பதையும் பேசுவதையும் பார்த்துப் பழகி, அதையே நடித்துக் காலம் தள்ளும் பெண்கள் இன்னும் தாமதமாகவே கண்டறியப்படுகிறார்கள்.

“பள்ளியில் இல்லாதது இப்போது எப்படி வந்தது?” என்று சில கல்லூரி நிர்வாகங்கள் கேட்கின்றன. ஆட்டிசம் இருபது வயதில் வருவதில்லை. சிறு வயது முதல் இருந்ததை இருபதில் கண்டறிகிறார்கள், அவ்வளவே. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது; அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். இன்று இறுதியாண்டில் இருப்பவர் அப்போது பள்ளிப் படிப்பில் பாதியை முடித்திருந்தார். சட்டமே தாமதமாக உணர்ந்த ஒன்றை ஒரு குழந்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது அநியாயம்.

“நாற்பது சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் எங்கே?” என்பது அடுத்த தடை. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு அந்த அளவுகோல் உண்டு. தேவைக்கேற்ற வசதிக்கு இல்லை. குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்துவைத்தது. நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் தனிநபரின் தேவைக்கேற்ற வசதி செய்து தருவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. இத்தனைக்குப் பிறகும் கைவிரிக்கும் நிர்வாகத்தைத் தெரியாமல் தவறு செய்ததாக நாம் கருத முடியாது. அது தெரிந்தே செய்யும் உரிமை மறுப்பு.

மாணவர்கள் கேட்பது பெரிய செலவுமன்று. வாய்மொழிக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். இரைச்சலில்லாத அறையில் தேர்வெழுத விடலாம். கால அட்டவணை மாறினால் முதல் நாளே எழுத்தில் தெரிவிக்கலாம். மருத்துவர் சொன்னதை வகுப்பில் உரக்கச் சொல்லாமல் காப்பதும் ஆசிரியரின் கடமை. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று அறிக்கையைப் பீரோவில் பூட்டிவைக்கும் பெற்றோரின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

அடுத்த பருவத் தேர்வுக்கு முன், இவ்வசதிகளுக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்பதைப் பெயரும் அறை எண்ணும் குறித்து ஒவ்வொரு கல்லூரியும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டாத கல்லூரிகளிடம் உயர்கல்வித் துறை விளக்கம் கேட்க வேண்டும்.