உறைந்த மீனும் மக்கும் உறையும்

கடற்கரைக்குத் தொலைவிலுள்ள கமக்காரரின் வீட்டுக்கும் இன்று உறையவைத்த மீனும் இறாலும் வருகின்றன. மீன் சமையலறையோடு முடிந்துவிடும். அதனைச் சுற்றிவந்த பொலித்தீன் முடிவதில்லை. அது குப்பைக் குழியிலிருந்து எருவோடு வயலுக்குச் சென்று, மண்ணிற் புதைந்து, பயிரின் வேரையும் வாய்க்காலின் நீரையும் தடுக்கின்றது. பனையோலை உமலில் மீன் கொண்டுவந்த காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. ஆகவே, மக்கிப்போகும் உறை, மீனோடு சேர்த்து உண்ணத்தக்க உறை என்பன பற்றிப் பேச்செழும்போது, அது கடற்றொழிலாளரின் காரியமென்று கமக்காரர் ஒதுக்குதல் தகாது. ‘மக்கும்’ என்று அச்சிடப்பட்ட சொல்லைக் கண்டவுடன் நம்பிவிடுதலும் தகாது.

உறை எதற்காக வேண்டப்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உறைந்த மீன் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசிலோ அதனினும் குறைந்த வெப்பநிலையிலோ வைக்கப்படும். அக்குளிரில் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. எனினும் பழுது முற்றாக நின்றுவிடுவதில்லை. குளிரறையின் காற்று வறண்டதாகையால், மீனின் மேற்பரப்பிலுள்ள பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிவிடும். அவ்விடம் வெளிறி, நார்த்தன்மையடைந்து, சுவை கெடும். காற்றிலுள்ள ஒட்சிசனோ மீனின் கொழுப்பைத் தாக்கிக் காறல் நாற்றத்தை உண்டாக்கும்; சாளை போன்ற கொழுப்பு மிக்க மீன்களில் இது விரைவாக நிகழும். எனவே, ஈரம் வெளியேறாமலும் காற்று உட்புகாமலும் தடுப்பதே நல்ல உறையின் வேலை. பொலித்தீன் ஈரத்தை மிக நன்றாகத் தடுக்கும். காற்றைத் தடுப்பதில் அது அத்துணைச் சிறந்ததன்று.

உண்ணத்தக்க உறைகளுள் எளியது வெறும் நீரேயாகும். உறைந்த மீனைக் குளிர்நீரில் தோய்த்தெடுத்தால் அதன்மேல் மெல்லிய பனிப்படலம் படியும். குளிரறையில் முதலில் ஆவியாவது அப்படலமே, மீன் தப்பிவிடும். இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவது. அந்நீரிற் கைற்றோசன் என்னும் பொருளைக் கரைத்துப் பூசினால் பயன் கூடுமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். சமன் மீன் துண்டங்களைக்கொண்டு செய்து 2007 இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், இப்பூச்சு ஈர இழப்பைக் குறைத்ததோடு கொழுப்புப் பழுதுறுவதையும் தாமதப்படுத்தியது. கைற்றோசன் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படுவது. ஓட்டிலுள்ள சுண்ணப்பொருளை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் கைற்றின் எஞ்சும். அதனைச் செறிந்த காரத்திற் சூடாக்கக் கைற்றோசன் கிடைக்கும். இறாலின் நிறையிற் பாதிக்கு அண்மையான பங்கு தலையும் ஓடுமாகக் கழிவதை நோக்கும்போது, புத்தளப் பகுதியில் இறால் வளர்க்கும் இந்நாட்டுக்கு இது சிந்திக்கத்தக்க செய்தியே. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றும் மீன்தோலிலிருந்து எடுக்கும் செலற்றினும் இவ்வாறே பயன்படுவன. ஓட்டுமீன் ஒவ்வாதோர் சிலர் உளராகையால், கைற்றோசன் பூசிய மீனென்று பொதியின்மேல் எழுதப்படுதல் மட்டும் கட்டாயம்.

இப்பூச்சு உண்ணப்படுவது, ஆகவே வயலுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. ஆயின் பூச்சொன்றே மீனைத் தூசியினின்றும் பலர் கைபடுவதினின்றும் காக்கமாட்டாது. வெளியுறை ஒன்று வேண்டியேயிருக்கும். ஏமாற்றம் நுழையுமிடம் அதுவே.

இலங்கையில் 20 மைக்கிரோனிலும் மெல்லிய பொலித்தீன் 2007 இலும், உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 இலும் தடைசெய்யப்பட்டன. இத்தகைய தடைகள் வருங்கால் ‘மக்கும்’ உறைகள் சந்தையில் மலிவது இயல்பு. அவற்றுட் சில, பொலித்தீனுடன் வேறொரு பொருளைக் கலந்து, வெயிலில் நொறுங்குமாறு செய்யப்பட்டவை. நொறுங்குதல் வேறு, மக்குதல் வேறு. முழுப் பையையாவது கையாற் பொறுக்கியெடுக்கலாம். நொறுங்கிய துகளைத் தோட்டத்திலிருந்து எவர் பொறுக்குவர்? வேறு சில, சோளம் முதலியவற்றின் மாப்பொருளை நொதிக்கச்செய்து ஆக்கப்படும் பொலி இலற்றிக்கமிலத்தாலானவை. இவை உண்மையில் மக்குவனவே. ஆயின் ஏறக்குறைய 58 பாகை வெப்பத்தைப் பல வாரங்கள் நிலைநிறுத்தும் தொழிற்சாலைக் கூட்டெருக் கிடங்கில் மாத்திரமே விரைவாக மக்கும். கொல்லைக் குழியிலும் வயற்சேற்றிலும் அவை ஆண்டுக்கணக்கிற் கிடக்கக்கூடும். ஆதலின், எவ்விடத்தில், எவ்வளவு வெப்பத்தில், எத்தனை நாளில் மக்கும் என்பது பையின்மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டுமெனச் சட்டம் செய்தல் நன்று. அவ்வாறு எழுதப்படாத பையைக் கமக்காரர் எருக்குழியில் இடாதிருத்தலே அறிவுடைமை.

மரவள்ளி மாவாலான உறைகள் மண்ணில் எளிதாக மக்குவன. இதனைக் கேட்டு, உறைத் தொழிற்சாலைக்கென மரவள்ளி நடலாமென எண்ணுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். மாப்பொருளுறை நீரை உறிஞ்சி இளகுவது; கடுங்குளிரில் உடையக்கூடியது. வேறு பொருள் கலவாது உறைமீனுக்கு அது ஏற்றதன்று. உலர்ந்த பண்டங்களுக்கு அது பொருந்தும். ஆயினும் கிழங்கு பிடுங்கிய பின் நெடுநாள் இருக்காது; தொழிற்சாலை தாமதித்தால் நட்டம் பயிரிட்டவனைச் சாரும். வாங்குவோர் யார், என்ன விலைக்கு என்பது எழுத்தில் உறுதியாகும்வரை, உணவுப் பயிர் நிற்கும் காணியை அதற்கென மாற்றுதல் கூடாது.

இறாலோட்டைப் பொறுத்தவரை இத்துணைக் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் சுண்ணப்பொருளும் நைதரசனும் உள. வீட்டில் இறால் உடைக்கும்போது கிடைக்கும் ஓட்டை நன்கு கழுவி உப்பைப் போக்கி, இடித்து, சாணத்தோடும் இலைகுழையோடும் கூட்டெருக் குழியில் மண்மூடி இட்டால், அது சில மாதங்களில் மரக்கறிப் பாத்திக்கு உதவும் எருவாகும்.