என்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுமா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். மகள் விமானி ஆக வேண்டும் என்கிறாளாம். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. புதுக்கோட்டை ரோட்டில் விமானம் இறங்கிய வீடியோவைக் காட்டி, "இதைப் பார்த்த பிறகும் எப்படி சார் அனுப்புவேன்?" என்றார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து வந்த செஸ்னா பயிற்சி விமானம் நார்த்தாமலை அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். அவர் அதில் ஆபத்தைப் பார்த்தார். எனக்குக் கற்ற பாடமும் தெரிந்தது.

என்ஜின் நின்றதும் விமானம் விழுந்துவிடாது. ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து சைக்கிளை மிதிக்காமலே இறங்குகிறோம் அல்லவா? அதுபோல, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டு மிதந்து வரும். செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், காற்று வீசாதபோது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் போகும். அதற்கு விமானி மூக்கைத் தாழ்த்தி, மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் காக்க வேண்டும். பயத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்காது. அடுத்து, இறங்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ஜினை மறுபடி கிளப்பிப் பார்ப்பதெல்லாம் அதன் பிறகுதான்.

2016 மே 24 அன்று பாட்னாவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு வந்த சிறு விமானத்தில் இரண்டு என்ஜினும் நின்றன. நஜஃப்கர் அருகே வயலில் இறக்கினார்கள். 7 பேரும் பிழைத்தார்கள்.

எல்லாரும் பிழைப்பதில்லை என்பதும் உண்மை. நம் ஜவ்வாது மலைக்கு மேலே தாழ்வாகப் பறக்கும்போது என்ஜின் நின்றால், இறங்கச் சமதளம் எங்கே இருக்கிறது? அதனால்தான் பறக்கும் உயரமும் வழியும் முக்கியம்.

என் கருத்து இதுதான்: பெண்ணைத் தடுக்காதீர்கள், பயிற்சிப் பள்ளியைக் கேள்வி கேளுங்கள். ஃபீஸும் ஹாஸ்டலும் மட்டும் விசாரித்துவிட்டு வரக் கூடாது. நடுவானில் என்ஜின் விசையைக் குறைத்துவிட்டு, "இப்போது எங்கே இறக்குவாய்?" என்று மாணவரை எத்தனை முறை கேட்கிறார்கள்? விமானங்களைப் பராமரிப்பவர் யார்? கோளாறு என்று மாணவர் சொன்னால் விமானத்தை நிறுத்துகிறார்களா, திட்டுகிறார்களா? பதில் சொல்லத் தயங்கும் பள்ளி வேண்டாம்.

பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள் என்றேன். யோசிக்கிறேன் சார் என்று போயிருக்கிறார். நம் பிள்ளைகளில் யாராவது விமானத் துறையில் இருந்தால் கீழே எழுதுங்கள். அவரிடம் காட்டுகிறேன்.

ஆலங்காயத்திலிருந்து, உங்கள் ஆசிரியர்.