கிலோ எண்டு எழுதாதையுங்கோ

வன்னியில செயற்கைக்கால் புதினமில்லை. ஷெல்லும் மிதிவெடியும் அப்பிடி ஆக்கிவிட்டன. காலைப் போட்டவர் "நோகுது" என்றால், சொக்கெட்டுக்குள் எந்த இடம் எவ்வளவு அமுக்குகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆர்டுயினோ பழகும் எங்கட பெடி பெட்டையள் மின்குமிழ் மினுக்கினது காணும், இதில கை வையுங்கோ எண்டுதான் கேட்கிறன்.

வேலை பெரிசில்லை. அமுக்க அமுக்கத் தடை குறையும் மெல்லிய உணரி ஒன்று. அதோடு நிலையான தடை ஒன்றைத் தொடராகப் பூட்டி, உணரிப் பக்கம் 5 வோல்ற் கொடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தை அனலொக் பின்னில் வாசிக்க வேண்டும். யூனோ என்றால் 0 முதல் 1023 வரை ஓர் எண் வரும்.

பிழை தொடங்குவது அந்த நிலையான தடையில்தான். எல்லாரும் 10 கிலோஓமைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். விரலால் அமுக்கிப் பார்க்க அது சரி. ஆள் ஏறி நின்றால் சரிவராது. உணரியின் தடை 1 கிலோஓமுக்கு இறங்கினால் எண் 930, அதிலும் பாதியானால் 974. அமுக்கம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியும் எண் அசையிறதாக் காணேல்லை! 1 கிலோஓம் போட்டுப் பாருங்கோ, அதே மாற்றம் 511இலிருந்து 682க்குப் போகும்.

அப்பவும் அது தராசில்லை. சூடு, வியர்வை, வளைவு எல்லாம் எண்ணைக் குழப்பும். கண்காட்சியில "கிலோ" எண்டு எழுதி வைக்கிறது எனக்கு உடன்பாடில்லை. உணரியைக் கழற்றாமல், மெத்தை வைக்க முதலும் வைச்ச பிறகும் அதே இடத்தில் கூடுதா குறையுதா எண்டு பார்க்கலாம். அவ்வளவுதான். (மின்னில் செருகின மடிக்கணினியோடு ஆளைப் பூட்டாதையுங்கோ, பற்றரி போதும்.)

எந்த இடத்தில ஒட்டுறது? அண்ணையிட்டைக் கேளுங்கோ, விரல் வைச்சுக் காட்டுவார்.