கூர் மழுங்கிய கத்தியும் கச்சான் வெயிலும்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் வீட்டு நாய்களுக்கு மொட்டைக் காலம். ஷிட்சு, பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. "இந்த வெக்கைக்கு எதுக்கு இவ்வளவு முடி?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை ஓட்டிவிடுவார்கள். கம்பிபோல் முடியுள்ள டெரியரோ ஷ்னாவுசரோ வளர்ப்பவர், வாடிய முடியை உருவியெடுக்கும் பல் வைத்த கத்தியைப் பற்றி விசாரித்தால், அது குளிர் நாட்டுக் கண்காட்சிக்காரரின் சாமான் என்று பதில் வரும்.

முதலில் வெக்கையைப் பார்ப்போம். நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, வியர்ப்பது பாதங்களில்தான். உடற்சூட்டை அது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெளியேற்றுகிறது. ஆகவே முதுகை வழித்துவிட்டால் காற்றுப் பட்டுக் குளிரும் என்பது மனிதத் தோலை வைத்துப் போட்ட கணக்கு. பொமரேனியன், ஷெப்பர்ட் போன்ற இரட்டை முடி நாய்களுக்கு மேல்முடி வெயிலைத் தடுக்கிறது. அதை வழித்தால் தோல் வெயிலில் வேகும். வழித்த முடி சிலவேளை பழையபடி முளைப்பதுமில்லை. உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் அடிமுடியைச் சீப்பால் வாரியெடுப்பதே அவற்றுக்குப் போதும். ஷிட்சுவின் முடி நீண்டுகொண்டே போவது. அதை அளவாகக் கத்தரிப்பதில் பிழையில்லை.

மொட்டை அடித்தால் உண்ணி ஒழியும் என்பதும் அரைகுறை. நாயுண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும். முடி குறைந்தால் உண்ணி கண்ணில் படும், அவ்வளவுதான். மருந்தில்லாமல் அது போகாது.

இனிக் கம்பி முடி. சித்திரக்கதைகளில் டின்டினோடு திரியும் ஸ்னோயி என்ற நாயின் இனமான வயர் ஃபொக்ஸ் டெரியரை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனிப் பக்கம் தடித்து, விறைத்து, நிறம் ஏறியிருக்கும். வேர்ப் பக்கம் மெலிந்து வெளிறியிருக்கும். மெஷின் வெட்டி எறிவது அந்த நல்ல பகுதியை. மிஞ்சுவது பஞ்சுபோன்ற அடிப்பகுதி. சில தடவை இப்படி வெட்டினால் நிறம் மங்கி, ஈரத்தையும் புழுதியையும் பிடித்துவைக்கும் மெத்தென்ற முடியாகிவிடும். வடகீழ்ப் பருவமழையில் முற்றம் சேறாகும் ஊரில் இது சின்னத் தொல்லையல்ல. வாடிய முடியை வேரோடு உருவினால் அதே துளையில் விறைப்பான புதுமுடி முளைக்கும்.

"உயிருள்ள பிராணியின் மயிரைப் பிடுங்குவது பாவமில்லையா?" நியாயமான கேள்விதான். முற்றி வாடிய முடி வேரில் தளர்ந்தே நிற்கும். நாலு முடியை இரு விரலால் பிடித்து, முளைத்த திசையிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாக வந்தால் பதம். வராவிட்டால், நாய் உதறினால், விட்டுவிட வேண்டியதுதான். வயிறு, தொடை இடுக்கு போன்ற மெல்லிய இடங்களுக்குக் கத்தரிக்கோலே சரி. நோயுற்ற நாய்க்கும், முடி ஏற்கெனவே பஞ்சாகிப்போன கிழட்டு நாய்க்கும் மெஷினே கருணை. ஷிட்சுவிடமும் பூடிலிடமும் இந்தக் கத்தியைக் கொண்டுபோகவே கூடாது.

மிகப் பெரிய பிழை கூர் பற்றியது. கத்தி வாங்கியதும் சாணை பிடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. இந்தக் கத்திக்கு வேலை பிடிப்பது, வெட்டுவதல்ல. பெருவிரலால் முடியைப் பல்லோடு அழுத்தி, மற்றக் கையால் தோலை இறுக்கி, மணிக்கட்டைத் திருப்பாமல் நேராக இழுக்க வேண்டும். கூர் இருந்தால் முடி பாதியில் அறுந்து, மெஷின் செய்த அதே கெடுதல் நேரும். சோதிப்பது எளிது: கையில் வந்த முடியின் அடி மெலிந்து வெளிறியிருந்தால் முழுதாக வந்திருக்கிறது, மொட்டையாக அறுந்திருந்தால் கத்தி வெட்டுகிறது. அனுபவசாலிகள் புதுக்கத்தியின் பற்களைச் செங்கல்லில் உரசியோ மணலில் பலமுறை குத்தி இழுத்தோ மழுக்கிவிட்டுத்தான் நாயில் வைப்பார்கள். கல்லடிக் கடற்கரை மணல் கிட்ட இருந்தாலும் வேண்டாம், அதில் உப்பு. ஆற்று மணல் நல்லது.

உப்பென்றதும் அடுத்த நம்பிக்கை: "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது." பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்கிறது, எழுவான்கரை வீடுகளுக்கு இரு பக்கமும் தண்ணீர், காற்றிலும் உப்பு. ஸ்டெயின்லெஸ் உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேலே படரவிடும் மெல்லிய படலம். உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தைக் குத்திப் புள்ளி புள்ளியாக அரிக்கும். சாதாரண கார்பன் உருக்கென்றால் சொல்லவே வேண்டாம். துரு தொடங்குவது முடியும் தோல் எண்ணெயும் தங்கும் பல்லடியில். அது பல்லைச் சொரசொரப்பாக்கினால் மழுக்கிய கத்தியும் முடியை அறுக்கத் தொடங்கும். வேலை முடிந்ததும் பழைய பல்துலக்கியால் பல்லடியைத் தேய்த்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசினால் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தோலுறை ஈரத்தை வைத்திருக்கும். கத்தியை வைக்க மூடி இறுகும் தகரப் பேணியே மேல்.

விலை கூடிய முழுத் தொகுதி வாங்க வேண்டுமென்பதும் வியாபாரப் பேச்சு. நெருங்கிய பல் தலைக்கும் காதுக்கும், அகன்ற பல் உடம்புக்கு. வீட்டில் ஒரு டெரியர் மட்டும் இருந்தால் நடுத்தரப் பல்லுள்ள ஒன்று போதும். இடக்கைக்காரர் இடக்கைக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். கத்தியே இல்லாமல் ரப்பர் விரலுறை மாட்டிக் கையாலேயே முழு நாயையும் உருவி முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.