விளம்பர எண்ணும் மலைச் சாலையும்

கியா பார்மில் எங்கள் வீட்டுக்குச் சிறிய எஸ்யூவி கார் வாங்கியபோது, அதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். “லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும், அப்பா” என்று விளம்பரத் தாளைக் காட்டினேன். மாதக் கடைசியில் அப்பா பெட்ரோல் கணக்கைக் காட்டினார். 12 கூட வரவில்லை.

விளம்பரம் பொய்யா? பொய்யில்லை, ஆனால் அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. பல ஆண்டுகள் பயன்பட்ட என்இடிசி சோதனையில் கார் உருளைகளின்மேல் 20 நிமிடம், சுமார் 11 கிலோமீட்டர் ஓடும். ஏற்றம் இல்லை, ஏர்கோன் இல்லை, வார இறுதிச் சந்தை நெரிசலும் இல்லை. ஐரோப்பாவே 2017இல் இன்னும் கடுமையான டபிள்யூஎல்டிபி சோதனைக்கு மாறத் தொடங்கியது.

பள்ளியில் படித்த நிலையாற்றலை இங்கே போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரைத் தாப்பாவிலிருந்து சுமார் 1,400 மீட்டர் மேலே ஏற்ற 2 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 3 கோடி ஜூலுக்கு மேல் இருந்தாலும், சக்கரத்துக்கு வந்து சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக, உயரத்துக்கு மட்டுமே சுமார் 2 லிட்டர்! இறங்கும்போது பிரேக்கில் சூடாகிப் போவது திரும்பி வராது.

கார் கடன் 9 ஆண்டு வரை நீளும். மாணவர்களே, வீட்டில் கார் பேச்சு எழுந்தால், அதே காரை நம் சாலையில் ஓட்டுபவரைக் கேளுங்கள். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுக்கச் சொல்லுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.