மாதம் 120 வெள்ளிக்கு ஒரு பூஞ்சைத் தோட்டம்

சிங்கப்பூரில் தமிழ்ப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் எல்லாரும் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தைக் காட்டுவார்கள். நான் இன்னொரு இடத்தைக் காட்டுவேன். தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள் வரிசை வரிசையாகத் தகரக் கதவு போட்ட, ஜன்னலே இல்லாத சிறு அறைகள். செல்ஃப் ஸ்டோரேஜ். சோபா, கிறிஸ்மஸ் மரம், குழந்தையின் பழைய சைக்கிள் எல்லாம் தூங்கும் அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தங்கள் அப்பாவின் நூலகத்தையும், விற்காமல் போன தங்கள் கவிதைத் தொகுப்பையும் கொண்டுபோய் அடைக்கிறார்கள். அடைத்துவிட்டு, "பத்திரமா இருக்கு" என்கிறார்கள்.

அந்த "பத்திரமா இருக்கு" என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

ஏன் அங்கே போகிறார்கள் என்பது புரியாத விஷயமில்லை. கிளமெண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து எழுந்த பேட்டை. அங்கே ஒரு பழைய மூவறை வீட்டில் முப்பது வருஷம் வாழ்ந்த தமிழாசிரியர் ஒருவர் என்னென்ன சேர்த்திருப்பார் என்று யோசியுங்கள். அலமாரி நிரம்பும், கட்டிலுக்கடி நிரம்பும், ஸ்டோர்ரூம் நிரம்பும். புதிய வீடென்றால் இன்னொரு விதம். 1998க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்ட புகலறை ஒன்று சட்டப்படி உண்டு. போர் வந்தால் ஒளிந்துகொள்ள. போர் வரும்வரை அரிசி மூட்டைக்கும் சூட்கேஸுக்கும். தாழ்வாரத்தில் வைக்கலாமென்றால் அங்கே 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீ விபத்தில் ஆள் ஓடுவதற்கு. நியாயமான விதிதான். ஆக, அப்பா இறந்து வீட்டை விற்கும்போது சாவி ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது, நாற்பது பெட்டிப் புத்தகம் நடுக்கூடத்தில் கிடக்கிறது, காராங்குனிக்குப் போட மனசு வரவில்லை. அந்த நேரத்தில் கைபேசியில் ஒரு விளம்பரம்: முதல் மாதம் பாதி விலை.

போன வருஷம் அப்படியொரு யூனிட்டைத் திறக்கும்போது உடனிருந்தேன். கிளமெண்டிக்குப் பக்கத்தில்தான். கட்டடம் பெயரெல்லாம் வேண்டாம், அவர்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. மறைந்த ஆசிரியரின் மகள், "அண்ணே, அப்பா புக்ஸ் எல்லாம் ஸ்டோரேஜ்ல பத்திரமா இருக்கு, ஒரு நாள் வந்து பாருங்க" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனை. ஈரச்சாக்கு மாதிரி. தரையோடு ஒட்டியிருந்த அட்டைப் பெட்டிகளின் அடி பிய்ந்து வந்தது. அறுபதுகளின் மலிவுப் பதிப்புகளில் அட்டை முழுக்கச் சாம்பல் படலம். இராமபாணப் பூச்சி முதுகுப் பசையைத் தின்று முடித்திருந்தது. பழைய இதழ்களின் கம்பிப் பின் துருப்பிடித்து, துரு தாளைச் சுட்டிருந்தது. குடும்ப ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் மட்டும் உயரத்தில் இருந்தது. அதற்குள் இருந்த கடிதங்கள் அப்படியே. கணக்குப் போட்டோம்: மாதம் 120 வெள்ளி, 72 மாதம், 8,640 வெள்ளி. அந்தப் பணத்துக்கு என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

இதில் மர்மம் ஏதுமில்லை, வானிலைதான். சிங்கப்பூரில் விடியற்காலை காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60க்கு அருகே இறங்கும். பூஞ்சை தழைக்க 65, 70 சதவீதம் போதும். தாள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், விடும், மறுபடி உறிஞ்சும். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத அறை பூஞ்சைக்குச் சொர்க்கம். "ஏர்கான் யூனிட்" என்று கூடுதல் காசு வாங்குகிறார்களே என்பீர்கள். குளிர்ச்சி வேறு, உலர்வு வேறு. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுமா, ஈரப்பதத்தை எத்தனை சதவீதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அது சோபாவுக்கான ஏர்கான்.

அடுத்தது ஒப்பந்தம். நாவலுக்கு நாற்பது பக்க விமர்சனம் எழுதுகிறவர்கள் நான்கு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் திரையில் விரலால் கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் அந்தத் தாளில் நீங்கள் வாடகைதாரர்கூட இல்லை, இடத்தைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பொருளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை, காப்புறுதி உங்கள் பாடு என்று இருக்கும். பணம் கட்டத் தவறினால் உங்கள் பூட்டின்மேல் அவர்கள் பூட்டு விழும், பிறகு அறிவிப்பு, பிறகு பொருளை விற்கவோ தூக்கிப் போடவோ உரிமை. அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகும்? நீங்கள் விற்றுவிட்டு வந்த பழைய வீட்டுக்கு. அல்லது இறந்துபோனவரின் மின்னஞ்சலுக்கு. கடன் அட்டை காலாவதியாவது போதும், ஒரு நூலகம் குப்பைத் தொட்டிக்குப் போவதற்கு.

தகராறு என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை விசாரிப்பார்கள். போங்கள். போய் என்ன கேட்பீர்கள்? உங்கள் அப்பா ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய ஒரு கவிதைத் தொகுப்புக்கு எத்தனை வெள்ளி என்று போடுவீர்கள்? காப்புறுதிக்காரனும் அதையேதான் கேட்பான். புதுசா வாங்கினா என்ன விலை? புதுசா எங்கேயும் கிடைக்காது என்பதுதானே அதன் விலையே.

தீயைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2016 ஜூனில் ஹாங்காங்கின் நவ் டாவ் கோக் பகுதியில் ஒரு தொழிற்கட்டடத்திலிருந்த மினி ஸ்டோரேஜில் பிடித்த தீ 108 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். ஜன்னல் அடைத்த தளத்தில், புதிர்வழி போல நெருக்கமாக அடுக்கிய உலோக அறைகள், ஒவ்வொன்றிலும் பூட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. 2018 கடைசி நாளில் லண்டன் கிராய்டனில் எரிந்த கட்டடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூனிட்டுகள் சாம்பலாயின. பணக்காரர்களுக்கும் இதே கதி உண்டு. 2004ல் கிழக்கு லண்டனில் மோமார்ட் கலைப்பொருள் கிடங்கு எரிந்தபோது டிரேசி எமினின் புகழ்பெற்ற கூடாரம் போயே போய்விட்டது. உங்கள் யூனிட்டில் நீங்கள் ஒழுங்காகப் புத்தகம் மட்டும் வைத்திருக்கலாம். பக்கத்து யூனிட்காரன் மின்ஸ்கூட்டர் பேட்டரியை வைத்திருக்க மாட்டான் என்று யார் சொன்னது? ஒப்பந்தத்தில் தடை இருக்கும். தடையை பேட்டரி படிக்காது. நடுவே இருப்பது மெல்லிய தகரம், பல இடங்களில் அதுவும் கூரைவரை போகாது, மேலே கம்பிவலைதான்.

சரி, இதெல்லாம் தெரிந்த சங்கதிதான் என்று நீங்கள் சொல்லலாம். என் கோபம் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நாம் எப்போது நினைக்க ஆரம்பித்தோம்? நம்முடையது ஈர மண். பனையோலை இந்த வெப்பத்தில் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினாலும் மை பூசினாலும் கரையானும் பூச்சியும் ஒரு நாள் ஜெயிக்கும். ஆனாலும் 1894ல் உ.வே.சா. புறநானூற்றை அச்சேற்ற முடிந்தது. எப்படி? எவரோ ஒரு ஏட்டை இரண்டாயிரம் வருஷம் பெட்டியில் வைத்திருந்ததாலா? இல்லை. ஏடு மட்கும் முன் இன்னொருவர் அதைப் பெயர்த்து எழுதினார், அது மட்கும் முன் இன்னொருவர். படிக்கிறவன் ஒருத்தன் கையில் இருந்தவரைதான் ஏடு பிழைத்தது. யாரும் பிரிக்காமல் புனிதமாகக் கட்டி வைத்த சுவடிகள்தான் கடைசியில் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறோம். நம் ஆறு பாண்டன் லூப்பில் ஓடுகிறது, மாதாமாதம் தானாகப் பணம் கழித்துக்கொள்கிறது.

ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதிய மனிதர், வீடு கொள்ளாத அளவுக்குச் சேர்த்தார். 1992ல் இறந்தார். சேகரிப்பு சிதறவில்லை, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது. அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஆய்வாளர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, வந்து பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் யூனிட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கே தெரியுமா?

"மூவறை வீட்டுல இருக்கறவனுக்கு உபதேசமா? செட்டிநாட்டு வீடா எங்கிட்ட இருக்கு?" என்று கேட்பவருக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். அந்த நாற்பது பெட்டியில் முப்பத்தைந்தை நீங்கள் வைத்திருக்கத் தேவையே இல்லை. மு.வ.வின் நாவல் மறுபதிப்பு இன்றும் கிடைக்கிறது. உங்கள் சொந்தத் தொகுப்பின் விற்காத 300 பிரதிகள் இருக்கின்றனவே, அவை ஆவணம் கிடையாது, சரக்கு. இங்கே பதிப்பிக்கும் எந்த நூலுக்கும் இரண்டு பிரதிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் கொடுப்பது சட்டம். கொடுத்திருந்தால் உங்கள் நூல் உங்களைவிட அதிக நாள் வாழும். 2015ல் அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பின் ஐம்பதாண்டுகளில் வந்த சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். ஆக அச்சில் வந்ததற்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. மீதி 300 பிரதியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கொடுத்துவிடுங்கள். கிளமெண்டி ரோட்டிலேயே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கொன்று நீட்டுங்கள். "ஓசியில கொடுத்தா மதிப்பில்ல" என்கிறார்கள் சில எழுத்தாளர்கள். பூஞ்சைக்குக் கொடுத்தால் மட்டும் மதிப்பா? அதற்கு நீங்கள் காசு வேறு தருகிறீர்கள்.

மிச்சம் ஐந்து பெட்டி. அதில்தான் உயிர் இருக்கிறது: கடிதங்கள், கையெழுத்துப் படிகள், நாடக ஒத்திகைப் புகைப்படங்கள், ஒலிநாடாக்கள், இரண்டு இதழோடு நின்றுபோன பத்திரிகைகள், கூட்ட அழைப்பிதழ்கள், ஓரக் குறிப்புகள் எழுதிய பிரதிகள். இவை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒன்றே ஒன்றாக இருக்கும் எதையும் ஸ்டோரேஜ் யூனிட்டில் வைக்கக் கூடாது. கட்டிலுக்கடியில் வையுங்கள், சோபாவை யூனிட்டுக்கு அனுப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். உட்கார நாற்காலி வாங்கலாம், 1971ல் உங்கள் அம்மாவுக்கு வந்த கடிதத்தை வாங்க முடியாது. சிங்கப்பூர் சார்ந்த ஆவணங்களைக் கொடையாகப் பெறத் தேசிய நூலகத்தில் வழியுண்டு. அதற்கு முன் கைபேசியில் படமாவது எடுத்துவிடுங்கள். மதுரைத் திட்டம் 1998ல் தொடங்கியபோதும் நூலகம் இணையத்தளம் 2005ல் தொடங்கியபோதும் யாரிடமும் பெரிய கட்டடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1981ல் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த சமூகம், ஒரு பிரதி போதாது என்று கற்றுக்கொண்டு அதைச் செய்தது. நாம் ஒவ்வொரு ஜூன் மாதமும் அதைப் பற்றிக் கவிதை மட்டும் எழுதுகிறோம்.

அப்படியும் கொஞ்ச நாளைக்கு யூனிட் எடுத்துத்தான் ஆக வேண்டும், வீட்டில் ரெனொவேஷன் என்றால், எடுங்கள். ஆனால் முடியும் தேதியை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இரண்டு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும், அதில் ஒருவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும். தரைத்தளம் வேண்டாம். அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. ஈரமான நாளில் கட்டி மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள் என்பதால் ஏர்கான் அறையில் இரண்டு நாள் உலர வைத்து மூடுங்கள். தரைக்கும் பெட்டிக்கும் நடுவே பலகை, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், உள்ளே இருப்பதன் பட்டியல், அந்தப் பட்டியல் வீட்டில். மாதம் ஒருமுறை போக நேரமில்லை என்றால் அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம், வேண்டுகிறவர் யாரென்று தேடுங்கள்.

காலி செய்வதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். தேதி தவறினால் இன்னொரு மாதக் கட்டணம் விழும். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பெருக்கி, படம் எடுத்து, உங்கள் பூட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள். பூட்டு தொங்கினால் வைப்புத்தொகையைத் திருப்பித் தர மாட்டார்கள்.